லேஸ் எதுக்கு? பாண்டிச்சேரி கோர்ட்டுக்குள்ள போன ஒரு ஜோடி ஷூவின் கதை

இன்னைக்கு எபிசோட் ஷூவைப் பத்தி. நடுவுல சட்டம் வரும், சாதி வரும், பாரிஸ் வரும். பயப்படாதீங்க, எல்லாத்தையும் ஒரு லேஸ்ல கட்டிடலாம்.

மலையேறப் போடுற ஹைக்கிங் பூட் ஒண்ணை எடுத்துக் கையில வெச்சுப் பாருங்க. கடையில பார்த்தா வெறும் கனமான ஷூ. உத்துப் பார்த்தா ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு காரணம் இருக்கு. கீழே லேஸ் கோக்க ஓட்டையோ வளையமோ இருக்கும். கணுக்கால் பக்கம் வந்தா திறந்த கொக்கி. குளிர்ல விரல் மரத்துப் போனாலும் ஒரே இழுப்புல அவிழ்க்கலாம். சில பூட்ல ரெண்டுக்கும் நடுவுல லேஸைக் கவ்விப் பிடிக்கிற ஒரு கொக்கி இருக்கும். பாதத்துக்கு இறுக்கமா, கணுக்காலுக்குத் தளர்வா, தனித்தனியா கட்டிக்கலாம். உள்ள இருக்கிற நாக்கு ரெண்டு பக்கமும் ஷூவோட சேர்த்துத் தைச்சிருக்கும். தண்ணி, கூழாங்கல் உள்ள போகாது. குதிகாலுக்குப் பின்னாடி சின்னதா ஒரு துணி வளையம், இழுத்து மாட்ட. அடியில ஹீலோட முன்விளிம்பு செங்குத்தா வெட்டியிருக்கும். செஞ்சிக் கோட்டை ராஜகிரியில இருந்து இறங்கும்போது அந்த விளிம்புதான் உங்க பிரேக்.

சோல்ல இருக்கிற அந்த ஆழமான ரப்பர் பல்லுக்கு ஒரு சோகக் கதை இருக்கு. ஒரு காலத்துல மலையேறுறவங்க தோல் பூட்டுக்கு அடியில இரும்பு ஆணி அடிச்சுப் போட்டுக்கிட்டாங்க. பாறை வந்தா அதைக் கழற்றிட்டு லேசான ஷூ மாத்திப்பாங்க. 1935ல இத்தாலி ஆல்ப்ஸ்ல ஏறின ஒரு குழு பனிப்புயல்ல மாட்டி, 6 பேர் செத்துப் போனாங்க. கால்ல இருந்தது அந்தக் குளிருக்கான ஷூ இல்ல. அந்தக் குழுவோட போயிருந்த விட்டாலே பிரமானி, மிலான்காரர், பாறைக்கும் பனிக்கும் சேர்த்து ஒரே ரப்பர் சோல் செய்ய முடியுமான்னு யோசிச்சார். 1937ல சோல் வந்தது. அவர் பேரைச் சுருக்கித்தான் 'விப்ரம்'. 1954ல கே2 உச்சியைத் தொட்ட இத்தாலியர்கள் கால்லயும் அந்த சோல்தான்.

நம்ம வேலையில, பழைய கோட்ல ஒரு புரியாத கண்டிஷன் இருந்தா சீனியர்கள் சொல்வாங்க: "அதைத் தொடாதே, அதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கும்." ஷூவும் அப்படித்தான். ஒவ்வொரு சின்ன விஷயமும் யாரோ ஒருத்தர் பட்ட கஷ்டத்துக்கான பதில்.

ஆனா எந்தக் கடையோட லிஸ்ட்லயும் இல்லாத ஒரு பயன் லேஸுக்கு இருந்தது. அதுக்கு மலை வேண்டியதில்ல. பாண்டிச்சேரி நீதிமன்றத்தோட சமமான தரை போதும்.

கழற்றுவதற்கென்றே ஒரு டிசைன்

முதல்ல நம்ம ஊர்ச் செருப்பை ஒரு என்ஜினியர் கண்ணால பார்ப்போம். பெருவிரலுக்கு ஒரு வளையம், மேல ஒரு வார், பின்னாடி ஒண்ணும் கிடையாது. கையால தொடாம, நின்னபடியே, ஒரு நொடியில உதறிடலாம். இது ஏதோ குறைபாடுன்னு நினைக்காதீங்க. திண்ணை, நடை, கூடம், பூஜை அறைன்னு ஒரே வீட்டுக்குள்ள பல எல்லைகள் இருக்கிற ஊர். கோயில், கடையோட கல்லா, பெரியவங்க உட்கார்ந்திருக்கிற பாய்னு ஒரு நாளைக்குப் பத்து தடவை செருப்பைக் கழற்றணும். அந்த வாழ்க்கைக்குக் கச்சிதமான டிசைன் இது. கழற்றுறதுதான் அதோட முக்கியமான ஃபீச்சர்.

ஐரோப்பிய ஷூ இதுக்கு நேர் எதிர். குதிகாலைச் சுத்தி விறைப்பான தோல், மேல நாக்கு, அதுக்கு மேல லேஸ், உள்ள சாக்ஸ். காலையில மாட்டினா ராத்திரிதான் கழற்றுவாங்க. சேறும் குளிரும் இருக்கிற ஊருக்கு அது சரி. அந்த ஊர்ல மரியாதை காட்ட தொப்பியைக் கழற்றுவாங்க, ஷூவைத் தொட மாட்டாங்க. ஷூவைக் கழற்றணும்னா உட்காரணும், குனியணும், முடிச்சை அவிழ்க்கணும். பொது இடத்துல அதைச் செய்யச் சொன்னா அது அவமானம்.

ஷூவோட சின்னச் சின்ன பாகங்கள் அந்தஸ்தைச் சொல்றது பிரெஞ்சுக்காரங்களுக்குப் புதுசும் இல்ல. ஹீல்ங்கிறதே முதல்ல குதிரைக்காரங்க விஷயம். பாரசீகக் குதிரை வீரர்கள் பாதம் அங்கவடியில இருந்து வழுக்காம இருக்க ஹீல் வெச்ச ஷூ போட்டாங்க. 1600ஐ ஒட்டி அது ஐரோப்பாவுக்குப் போனதும் பிரபுக்களோட ஃபேஷனா மாறிடுச்சு. 14ஆம் லூயி காலத்துல அவர் அரசவையில இடம் இருக்கிறவங்கதான் சிவப்பு ஹீல் போடலாம். 1674ல பிரெஞ்சுக் கம்பெனி பாண்டிச்சேரியில கால் வெச்சப்போ பிரான்ஸை ஆண்டவர் இதே லூயிதான்.

நம்ம பக்கமும் லேசுப்பட்டவங்க இல்ல. பல்லக்குல யார் போகலாம், யார் முன்னாடி வாத்தியம் வாசிக்கலாம்ங்கிற மரியாதைக் கணக்கு 18ஆம் நூற்றாண்டுப் பாண்டிச்சேரி வாழ்க்கையோட பெரிய பகுதி. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் புரட்டினா இது திரும்பத் திரும்ப வரும். தமிழ் ஊர்கள்ல செருப்பு, குடை, மேல்துண்டு மூணுமே சாதி பார்த்து அனுமதிக்கப்பட்ட பொருள்கள். ஊர்த் தெருவுக்குள்ள வந்தா செருப்பைக் கையில தூக்கிக்கிட்டுப் போகணும்னு தலித்துகளைக் கட்டாயப்படுத்தினாங்க. ஆக, "கழற்று"ங்கிற வார்த்தையில பக்தியும் இருந்தது, அதிகாரமும் இருந்தது.

பிரிட்டிஷ் இந்தியாவின் விசித்திர விதி

இந்த ரெண்டு டிசைனும் ஒரே வாசல்ல சந்திச்சா என்ன ஆகும்? 19ஆம் நூற்றாண்டுல இந்தியா முழுக்க இது ஒரு பிரச்சினை. வெள்ளைக்காரங்க சொன்னது இதுதான்: "பெரியவங்க முன்னாடி காலணியைக் கழற்றுறது உங்க வழக்கம். நாங்க பெரியவங்க. கழற்றுங்க." தங்களோட ஷூவை மட்டும் எங்கயும் கழற்றுறதில்ல.

1854ல டல்ஹவுசி காலத்துல வங்காளத்துக்கு ஓர் உத்தரவு வந்தது. அரசு நிகழ்ச்சிகளுக்கு ஐரோப்பிய பாணி ஷூ போட்டு வர்ற இந்தியர்கள் அதோடயே உள்ள வரலாம். 1862ல சூரத் நீதிமன்றத்துல மானக்ஜி கவாஸ்ஜி என்ற பார்சி, ஷூவைக் கழற்ற மறுத்து அது பெரிய விவகாரமாச்சு. 1868ல விதி இன்னும் விரிஞ்சது. ஐரோப்பிய பூட்ஸும் சாக்ஸும் போட்டிருந்தா தர்பாருக்குள்ளயும் அப்படியே வரலாம். நாட்டுச் செருப்புன்னா வாசல்லயே விட்டுடணும்.

இதை நல்லா கவனிங்க. சட்டம் இங்க ஆளைப் பார்க்கல, டிசைனைப் பார்க்குது. லேஸ், சாக்ஸ், குதிகால் தோல் இருக்கா? அனுமதி. விரல் வளையமும் வாரும் மட்டுமா? வெளியே. கிட்டத்தட்ட ஒரு பாஸ்வேர்ட் மாதிரி.

1874ல கல்கத்தாவுல ஈஸ்வரசந்திர வித்யாசாகர் இதை நேர்ல அனுபவிச்சார். நாடறிஞ்ச அறிஞர், எப்பவும் வேட்டி, சாதாரண வங்காளச் செருப்புதான். ஏஷியாட்டிக் சொசைட்டியும் மியூசியமும் இருந்த கட்டடத்துக்குப் போனவரை வாசல்ல நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொன்னாங்க. ஆங்கிலேய ஷூ போட்டவங்க அதே வாசல்ல தாராளமா போய்க்கிட்டிருந்தாங்க. அவர் உள்ள போகல. திரும்பி வந்து, இது என்ன நியாயம்னு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார்.

பொன்னுத்தம்பி

அதுக்கு முந்தின வருஷம், 1873. நம்ம ஊர்.

பாண்டிச்சேரி அப்போ பிரெஞ்சு ஊர். 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' பேசுற குடியரசு. 1871ல பிரான்ஸ் நாடாளுமன்றத்துக்கு இங்கிருந்து பிரதிநிதி அனுப்பும் உரிமை திரும்பவும் கிடைச்சது. ஊரைப் பார்த்தா பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம்.

சட்டத்துலயும் ஒரு வாய்க்கால் ஓடினது. 1819 ஜனவரி 6 தேதியிட்ட ஒழுங்குமுறைப்படி, இந்தியர்கள் அவங்கவங்க சாதியோட சட்டம், வழக்கம், பழக்கப்படிதான் நீதி பெறுவாங்க. கேட்கும்போது நல்ல வாக்குறுதி மாதிரிதான் இருக்கு: உங்க திருமணம், உங்க சொத்துரிமை, உங்க வழக்கத்துல நாங்க தலையிட மாட்டோம். ஆனா "வழக்கம்"னு ஒண்ணை அரசாங்கம் எழுதி வெச்சுக்கிட்டா, அதை வெச்சே உங்களைக் கட்டிப் போடவும் முடியும். கோர்ட்டுக்கு வந்தா வெறுங்காலோட வர்றதும் உங்க வழக்கம்தானே?

பொன்னுத்தம்பிப் பிள்ளை வழக்கறிஞர். பிரெஞ்சுச் சட்டம் படிச்சு, பிரெஞ்சுல வாதாடுறவர். 1873ல அவர் ஐரோப்பிய ஷூ போட்டுக்கிட்டு நீதிமன்றத்துக்கு வந்தார். நீதிபதி அனுமதிக்கல.

இங்க பொன்னுத்தம்பி முன்னாடி சுலபமான வழி ஒண்ணு இருந்தது. ஷூவைக் கழற்றிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஊர்ல எல்லாரும் அதைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தாங்க. அவர் மேல்முறையீட்டுக்குப் போனார். வழக்கு கடல் தாண்டி, பாரிஸ்ல இருக்கிற பிரான்ஸின் உச்ச நீதிமன்றமான கஸாசியோன் வரைக்கும் போனது. பொன்னுத்தம்பி ஜெயிச்சார்.

கால்ல இருந்த ஷூவுக்காக இவ்வளவு தூரமான்னு தோணலாம். அவர் நிக்கிற இடத்துல இருந்து பாருங்க. ஒரே சட்டம், ஒரே மேடை, ஒரே மொழி. எதிர்ல இருக்கிற பிரெஞ்சு வக்கீல் ஷூவோட நிக்கிறார், இவர் வெறுங்காலோட நிக்கணும். வாதம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே தரையைப் பார்த்தா யார் மேல, யார் கீழன்னு தெரிஞ்சிடும்.

கதவு

ஷூ வழக்குல ஜெயிச்சாலும் அடியில இருந்த பிரச்சினை அப்படியேதான் இருந்தது. வெவ்வேறு சட்டத்துக்குக் கீழ வாழ்ற வரைக்கும் சமத்துவத்துக்கு ஒவ்வொரு பொருளா வழக்குப் போடணும். இன்னைக்கு ஷூ, நாளைக்கு நாற்காலி.

1881 செப்டம்பர் 21 அன்னைக்கு ஒரு பிரெஞ்சு அரசாணை வந்தது. பிரெஞ்சு இந்தியாவுல இருக்கிற எவரும், சாதி மத வித்தியாசம் இல்லாம, தன்னோட தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குக் கீழ வரலாம். துறந்தா துறந்ததுதான், திரும்ப வழியில்லை. திருமணம், விவாகரத்து, சொத்து எல்லாம் இனிமே பிரெஞ்சுச் சட்டப்படி. கூடவே ஒரு குடும்பப் பெயரும் வெச்சுக்கணும். இவங்களைப் பிரெஞ்சுல 'ரெனோன்சான்' என்பாங்க, துறந்தவர்கள். இந்த இயக்கத்தை முன்னால நின்னு நடத்தினவர் பொன்னுத்தம்பி. அவர் தேர்ந்தெடுத்த குடும்பப் பெயர்: லபோர்த். பிரெஞ்சுல அதுக்கு 'கதவு'ன்னு அர்த்தம்.

அந்தக் கதவு வழியா அதிகமா போனவங்க யாருன்னு பார்த்தா, கதை இன்னும் சுவாரஸ்யம். பொன்னுத்தம்பி வெள்ளாளர். அவரைப் பின்தொடர்ந்து துறந்தவர்கள்ல பெரும்பாலானவங்க தலித்துகளும் கிறிஸ்தவர்களும். மேல்சாதி இந்துக்கள் பெரும்பாலும் எதிர்த்தாங்க. நாடு சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் அந்த எதிர்ப்பு பெரிய அரசியல் சக்தியா வளர்ந்தது. இதுல ஆச்சரியம் இல்ல. "உன் சாதி வழக்கப்படி உனக்கு நீதி"ங்கிற விதி, மேல இருக்கிறவங்களுக்குப் பாதுகாப்பு, கீழ இருக்கிறவங்களுக்குப் பூட்டு. கழற்ற வேண்டிய அவசியமே இல்லாத ஷூ யாருக்கு அதிகமா தேவைப்பட்டதுன்னு யோசிச்சா புரியும்.

பிரெஞ்சு அரசாங்கம் கதவை முழுசா திறந்துடுச்சா? 1884ல வாக்காளர்களை மூணு பட்டியலாப் பிரிச்சாங்க. முதல் பட்டியல் ஐரோப்பியர்கள், ரெண்டாவது ரெனோன்சான், மூணாவது மத்த இந்தியர்கள். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு நம்பித் துறந்தவங்களுக்கு உள்ள போனதும் இன்னொரு கதவு. தேர்தல்ல எல்லாருக்கும் ஒரே பட்டியல் வர ரெண்டாம் உலகப் போர் முடியணும்.

இருந்தாலும் அந்தக் கையெழுத்து பலரோட வாழ்க்கையை மாத்தினது. ரெனோன்சான் குடும்பங்கள்ல இருந்து பலர் பிரெஞ்சுப் படைக்கும், இந்தோசீனாவுக்கும் வேலைக்குப் போனாங்க. சைகோன்ல சுங்கம், போலீஸ், வரி அலுவலகங்கள்ல உட்கார்ந்தாங்க. அங்கயும் ஐரோப்பியர்களுக்குச் சமமான சம்பளம், ஓட்டுன்னு சண்டை தொடர்ந்தது. 1962 ஆகஸ்ட் 16ல பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்போ, பிரெஞ்சுக் குடியுரிமையை வெச்சுக்க விரும்புறவங்க 6 மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கலாம்னு ஒப்பந்தம் சொன்னது. இன்னைக்கும் பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்குப் புதுச்சேரியில ஓட்டுப் போடுறவங்க இருக்காங்க. தமிழ் முகம், பிரெஞ்சுக் குடும்பப் பெயர்னு உங்க கிளாஸ்ல யாராவது இருந்திருந்தா, அந்தப் பெயருக்குப் பின்னாடி 1881க்கு அப்புறம் ஏதோ ஒரு தாத்தா போட்ட கையெழுத்து இருக்க வாய்ப்பு அதிகம்.

செருப்பு என்னாச்சு?

பொன்னுத்தம்பியோட வெற்றியைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அதோட எல்லையையும் பார்க்கணும். அவர் ஜெயிச்சது லேஸ் கட்டின ஷூவுக்கு. சமத்துவம் வேணும்னா அவங்க ஷூ, அவங்க சாக்ஸ், அவங்க சட்டம், அவங்க மாதிரி பெயர். பாஸ்வேர்ட் தெரிஞ்சவருக்குக் கதவு திறந்தது. வித்யாசாகர் வேற ஒண்ணு கேட்டார்: பாஸ்வேர்டே எதுக்கு, என் செருப்புக்கு என்ன குறைச்சல்? அந்தக் கேள்வியில அவர் ஜெயிக்கல. வரலாறு இந்த மாதிரி நேரத்துல ரெண்டு பேர்ல யார் சரின்னு தீர்ப்புச் சொல்றதில்ல. எனக்கு ரெண்டு பேரும் வேணும். ஒருத்தர் கதவுக்குள்ள போறார், இன்னொருத்தர் கதவைக் கேள்வி கேட்கிறார்.

அந்தக் கேள்வி 140 வருஷம் கழிச்சு சென்னையில திரும்ப வந்தது. 2014 ஜூலையில, சேப்பாக்கத்துல தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்ல நடந்த ஒரு புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ள விடல. 1873ல நீதிபதி ஒரு வக்கீலை நிறுத்தினார், 2014ல நீதிபதியையே நிறுத்தினாங்க. அடுத்த மாசமே சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது: பொது இடங்கள்ல வேட்டி கட்டினவரைத் தடுக்கக் கூடாது, தடுத்தா தண்டனை.

நீதிபதிக்கு ஒரு மாசத்துல சட்டம் வந்துடுச்சு. இன்னொரு இடத்துக்கு அவ்வளவு சீக்கிரம் எதுவும் வரல. திருப்பூர் மாவட்டம், மடத்துக்குளம் வட்டம், ராஜாவூர். அங்க ஒரு தெருவுல தலித்துகள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாதுன்னு எழுதப்படாத விதி பல பத்தாண்டுகளா இருந்தது. 2023 டிசம்பர்ல சுமார் 60 பேர் சேர்ந்து, கால்ல செருப்போட, அந்தத் தெருவுல நடந்தாங்க.

அந்தச் செருப்புல கொக்கி இல்ல, லேஸ் இல்ல, விப்ரம் சோல் இல்ல. ஒரு நொடியில கழற்றுற மாதிரி செஞ்ச அதே பழைய டிசைன். அவங்க கழற்றல.

அவ்வளவுதான் மக்களே. வீட்டுல தாத்தா பாட்டிகிட்ட செருப்பைப் பத்திக் கேட்டுப் பாருங்க. எந்தத் தெருவுல போட்டாங்க, எந்தத் தெருவுல கையில எடுத்தாங்கன்னு. உங்க ஊர்க் கதை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.